பெரியம்மாவுக்காக வைத்த போன்: கொக்குவில் வீடொன்றில் இருமல் எண்ணிய நிகழ்வு ஆய்வு

இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்று கொவிட் காலத்திலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவசரம் என்பதை யாழ்ப்பாணத்து வீடொன்றை வைத்துப் பார்க்கும் முயற்சி இது. நோயாளர் ஒருவர் என்று நினைத்துத் தொடங்கினோம். முடியும்போது இருவராகிவிட்டார்கள்.

முதல் நோயாளர் என் பெரியம்மா. எழுபதைத் தாண்டியவர், கொக்குவிலில் பெரியப்பாவோடு இருக்கிறார். இருவரின் சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. நான் வைத்தியன் இல்லை, கணினி நிரல் எழுதுவது என் தொழில். மருந்து பற்றி இங்கே வரும் முடிவுகள் எல்லாம் அவர்களைப் பார்த்த டொக்டர்மார் எடுத்தவை.

வருத்தம் வந்த விதம்

இருமல் ஆவணியில் தொடங்கியது என்கிறார் பெரியம்மா. ஆடியிலேயே இருந்தது என்கிறார் பெரியப்பா. வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு மெலியவும் இல்லை. தொண்டைக்குள் ஏதோ ஊர்வது போல இருக்குமாம், அடுத்த கணம் இருமல் வந்துவிடுமாம். கதைக்கத் தொடங்கினால் வரும். படுத்தால் கூடும். இரவில் நித்திரை கெட்டு, பகலில் கதிரையில் இருந்தபடியே கண் அயர்வார்.

முதலில் மல்லித்தண்ணி குடித்தார். அப்புறம் துளசி போட்டு ஆவி பிடித்தார். அதுவும் சரிவராமல் பார்மசியில் ஒரு பாணி மருந்து, பிறகு ஒரு தனியார் மருத்துவரிடம் ஒரு கிழமைக்கு அன்டிபயோட்டிக். எதற்கும் அசையவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னோம். விறகடுப்புப் புகை என்றார் என் அம்மா. வீதி திருத்தும் வேலையில் எழும் தூசி என்றார் மாமா. குளிர்ந்த தண்ணியில் முழுகுவதால் என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சந்தேகம் ஒன்றும் இருந்தது: கசம். காசநோயை இன்றைக்கும் பல வீடுகளில் பெயர் சொல்வதில்லை, 'அந்த வருத்தம்' என்பார்கள். பேத்திக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் வாசலில் தெரிந்தவர் யாரும் கண்டுவிட்டால் என்ன கதை வரும் என்ற பயத்தில் நாட்கள் போயின. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளி பரிசோதிக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் பல காலமாகச் சொல்லப்படும் விதி. பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருந்தும் இரண்டு கிழமை இரண்டு மாதமானது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இதுதான், இதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

போன் என்ன செய்கிறது

கிளினிக்குக்குப் போகத் தயங்கிய பெரியம்மா, பழைய போன் ஒன்றைக் கட்டிலருகே வைக்கச் சம்மதித்தார். அதில் இருமல் எண்ணும் செயலி இருந்தது. இந்த வகைச் செயலிகள் இப்போது பல வந்துவிட்டன.

இருமும்போது முதலில் மூச்சு உள்ளே போகிறது. குரல்வளை வாசல் மூடிக்கொள்ள, மார்பும் வயிறும் இறுகி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இது ஏறக்குறைய 0.2 விநாடி. பிறகு வாசல் திடீரெனத் திறந்து காற்று வெடித்து வெளியேறுகிறது. நம் காதில் விழுவது இந்தக் கடைசிப் பகுதி. அதற்குள்ளும் மூன்று துண்டு உண்டு: சட்டென்ற வெடிப்பு, அதன் பின் சீறல், சிலருக்கு முடிவில் குரல் கலந்த ஓர் ஓசை. எல்லாம் சேர்ந்து அரை விநாடி அளவில் முடிந்துவிடும்.

செயலி அறையில் நடக்கும் பேச்சையெல்லாம் பதிந்து வைப்பதில்லை. ஒலி திடீரென எகிறும் இடத்தில் மட்டும் அரை விநாடித் துண்டொன்றை வெட்டி எடுக்கிறது. எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருந்தது என்று காட்டும் படமாக அந்தத் துண்டை மாற்றுகிறது. இருமல்களின் படங்களையும் இருமல் அல்லாத ஒலிகளின் படங்களையும் பெருந்தொகையாகப் பார்த்துப் பழகிய ஒரு நரம்பணு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்), இது இருமலா இல்லையா என்று மதிப்பெண் போடுகிறது. எல்லை தாண்டினால் கணக்கில் ஒன்று கூடும்.

ஆக, இங்கே கேள்வி இரண்டு. இது இருமலா என்பது ஒன்று. இது என்ன நோயின் இருமல் என்பது மற்றது. முதலாவதற்கு வரும் விடையை நாமே சரிபார்க்கலாம், துண்டைப் போட்டுக் கேட்டால் போதும். இரண்டாவதற்கான விடை ஒலிக்குள் இருக்கிறதா என்பதே இன்னும் முடியாத விவாதம். செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் எழுதுகிறார்கள். நாங்கள் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

வீட்டுச் சத்தங்களுக்கு நடுவே செயலி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. தேங்காய் துருவும் சத்தத்தில் ஏமாறவில்லை. பல்லி சொல்வதை விட்டுவிட்டது. ஆனால் பின்வளவுக் கொட்டிலின் தகரக் கூரையில் பனம்பழம் விழும்போதெல்லாம் ஒரு இருமல் கூடியது. நாலு வீடு தள்ளி ஒரு பிள்ளை மாலையில் தவில் சாதகம் செய்வார், அதில் சில அடிகளும் இருமலாகப் பதிந்தன. துண்டுகளைக் கேட்டு அவற்றைக் கழித்தோம். தவில் கேட்டே வளராத ஊர் ஒன்றின் ஒலிகளைக் கொண்டு பழக்கிய செயலி, கொக்குவிலிலும் இணுவிலிலும் இப்படித்தான் தடுமாறும்.

வரைபடம் காட்டியது

சில நாட்களில், எந்த மணிக்கு எத்தனை இருமல் என்று காட்டும் வரைபடம் ஒரு வடிவத்துக்கு வந்தது. முதலில் பார்த்தது அடுப்படி நேரத்தை. காலை இடியப்பம் அவிக்கும்போதும் மதியம் சமைக்கும்போதும் எண்ணிக்கை கூடவே இல்லை. போனையே அடுப்படி யன்னலில் வைத்தும் பார்த்தோம், அப்போதும் அப்படியே. அம்மாவின் புகைக் கணக்கு சரிவரவில்லை. விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பது வேறு விஷயம், அது உண்மை. ஆனால் இந்த இருமலை அது தூண்டியதாகத் தெரியவில்லை.

வரைபடத்தின் கம்பிகள் உயர்ந்தது இரண்டு இடத்தில். இரவு படுத்த பிறகு ஒரு மேடு, அது எதிர்பார்த்ததுதான். விடியற்காலையில், வெளிச்சம் வருவதற்கு முன், இன்னொரு மேடு. முதல் மேட்டைவிட அதுதான் உயரம். அந்த நேரம் தான் நல்ல நித்திரை என்று அடித்துச் சொன்னார் பெரியம்மா.

துண்டுகளைக் கேட்டபோது காரணம் விளங்கியது. இரவு இருமல்கள் காய்ந்தவை, சின்னவை, ஒன்றன் பின் ஒன்றாக நாலைந்து. விடியற்காலை இருமல்கள் கனமானவை. நெஞ்சின் அடியிலிருந்து சளி புரளும் சத்தம், முடிவில் ஒரு நீண்ட செருமல். அது பெரியம்மா இல்லை. யன்னலுக்கு வெளியே விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையோடும் நாளின் முதல் சுருட்டோடும் இருக்கும் பெரியப்பா.

அந்த வீட்டுக்கு நான் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். பெரியப்பா விடியப்புறம் இருமுவார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை யாரும் இருமல் என்று எடுப்பதில்லை. இளமையில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். அவருடைய செருமல் கேட்டால் ஐந்து மணியாகிவிட்டது என்று எழும்புவோம், அவ்வளவுதான். வீட்டாரின் காது அதற்குப் பழகிவிட்டது. போனுக்குப் பழக்கம் என்று ஒன்று இல்லை.

இந்த வகைச் செயலிகளின் பெரிய குறையும் இதில் தெரிகிறது. இருமல் யாருடையது என்று பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. தனி அறை, தனி ஆள் என்றால் சிக்கலில்லை. மூன்று தலைமுறை ஒரு கூரைக்குக் கீழ் இருக்கும் வீட்டில், பேரனின் தடிமலும் பாட்டியின் இருமலும் ஒரே கணக்கில் விழும். நாங்கள் போனை யன்னலிலிருந்து தள்ளி உள் சுவரோரம் வைத்தோம், அதோடு விடியற்காலை மேடு பெருமளவு தணிந்தது.

கிளினிக் கொப்பி

கடைசியில் பெரியம்மாவை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போக உதவியதும் வரைபடம்தான். 'இரவில இவ்வளவு தரம் இருமுறியள் பெரியம்மா' என்று காட்டியபோது, 'அப்ப போய்க் காட்டுவம்' என்றார். அங்கே சளி எடுக்கச் சொன்னார்கள். வறட்டு இருமலில் சளி எடுப்பது சிரமமாக இருந்தது, எப்படியோ கொடுத்தார். ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. இந்த இயந்திரம் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் விடை தரும். எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. பெரியம்மா அன்று அழுதுவிட்டார், ஆறுதலில்.

அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். டொக்டர் ஒரு இளம் பெண். வரைபடத்தை ஒருமுறை பார்த்தார், தலையாட்டினார், பிறகு அதை வைத்துவிட்டுக் கிளினிக் கொப்பியைக் கேட்டார். பிரஷர், சீனி வருத்தங்களுக்கு மாதாமாதம் மருந்தெடுப்பவர்கள் கையோடு கொண்டுபோகும் அதே கொப்பி. பக்கங்களைப் பின்னுக்குத் தட்டிக்கொண்டே போனார்.

'அம்மா, இந்தக் குளிசை எப்ப தொடங்கினது?'

'அது பிரஷருக்குப் பிள்ளை. முந்தின குளிசைக்குக் கால் வீங்குது எண்டு சொல்ல மாத்தித் தந்தவை. வருசப் பிறப்புக்குப் பிறகு.'

'அதுக்கு முன்னம் இப்படி இருமினனீங்களோ?'

'இல்லைப் பிள்ளை.'

அந்தக் குளிசை எனலாப்ரில். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் உலகம் முழுவதும் கொடுக்கப்படும் நல்ல மருந்து. ஏசிஈ என்ற நொதியைத் தடுப்பது அதன் வேலை. அதே நொதிதான் பிரடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. நொதி தடைபட்டால் அந்தப் பொருள் சுவாசப் பாதையில் தேங்கி, இருமல் நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும். இந்த மருந்து எடுப்பவர்களில் 100க்கு 5 முதல் 35 பேர் வரை இப்படி வறட்டு இருமல் வருவதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தொடங்கி மாதக்கணக்கான பிறகும் வரலாம் என்பதால்தான் குளிசையையும் இருமலையும் யாரும் ஒன்றாக நினைப்பதில்லை.

குளிசை லொசார்ட்டனுக்கு மாற்றப்பட்டது. அது வேறு வழியில் வேலை செய்வது, பிரடிகைனினைத் தேங்க விடுவதில்லை. (வீட்டில் யாருக்கும் எனலாப்ரில் இருந்து இருமலும் இருந்தால் தயவுசெய்து குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொப்பியோடு டொக்டரிடம் போங்கள். பிரஷர் குளிசையைத் திடீரென விடுவது இருமலைவிட ஆபத்து.)

நான் நிரல் எழுதுபவன் என்பதால் இதைக் கவனமாக யோசித்தேன். உலகத்தில் உள்ள எல்லா இருமல்களையும் கேட்ட ஒரு இயந்திரம் அந்த அறையில் இருந்திருந்தாலும், குளிசையின் பெயரை இருமலின் ஒலியிலிருந்து எடுத்திருக்க முடியாது. விடை கொப்பியில் இருந்தது, அதைத் திறக்கச் சொல்லும் கேள்வி டொக்டரின் படிப்பில் இருந்தது.

ஆனால் போனின் நல்ல வேலை அதன் பிறகுதான் நடந்தது. மருந்தை மாற்றினாலும் இந்த இருமல் உடனே போகாது. பெரும்பாலும் 1 முதல் 4 கிழமை, சிலருக்கு 3 மாதம் வரை இழுக்கும். இரண்டாவது கிழமையே, 'ஒண்டும் மாறேல்லை, பழைய குளிசையே நல்லம், கால் வீங்கினாலும் பரவாயில்லை' என்று தொடங்கிவிட்டார் பெரியம்மா. இரவில் ஒருதரம் எழும்பி இருமினாலும் அவருக்கு இரவு முழுக்க இருமியதாகவே இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். வரைபடத்தில் கிழமைக்குக் கிழமை மேடு இறங்கியது தெளிவாகத் தெரிந்தது. அதைக் காட்டிக் காட்டித்தான் அவரைப் பொறுக்க வைத்தோம்.

மருந்து ஆராய்ச்சியில் இது புதிதல்ல. நாட்பட்ட இருமலுக்கான கெபாபிக்சன்ட் என்ற மருந்தைச் சோதித்தபோது, நோயாளருக்கு ஒலிப்பதிவுக் கருவி மாட்டி 24 மணி நேர இருமல் எண்ணிக்கையையே முக்கிய அளவுகோலாக எடுத்தார்கள். அங்கே பதிவைச் சுருக்கித் தருவது மென்பொருள், இறுதியாக எண்ணுவது பயிற்சி பெற்ற மனிதக் காது. இப்போது அந்த எண்ணும் வேலை ஒரு பழைய போனில் நடக்கிறது.

ஒலிக்குள் நோயின் பெயர் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதில் உண்மையான முயற்சிகள் நடந்திருக்கின்றன, அவற்றைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உதந்த அபேரத்னவின் குழு செய்த ஆராய்ச்சியிலிருந்து ரெஸ்ஆப் என்ற நிறுவனம் உருவானது. 2019இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் 585 பிள்ளைகளின் இருமலை இந்த முறையால் பார்த்தார்கள். டொக்டர்மார் ஆஸ்துமா என்று முடிவு செய்த பிள்ளைகளில் 97 சதவீதத்தினரை மென்பொருளும் ஆஸ்துமா என்றது. நியூமோனியாவில் 87 சதவீதம். பெரிய விஷயம்தான். 2022இல் பைசர் நிறுவனம் ரெஸ்ஆப்பை வாங்கியது.

ஆனால் அதற்கு முன், 2017இல், அமெரிக்க மருத்துவமனைகளில் அதே நிறுவனம் செய்த சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பதிவுகளில் மற்றவர்களின் குரலும் பின்னணிச் சத்தமும் கலந்திருந்தன, சில பிள்ளைகளுக்கு இருமலைப் பதியும் முன்பே மருந்து கொடுக்கப்பட்டிருந்தது என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். முட்டு வந்த பிள்ளையை முதலில் நெபுலைசரில் போடுவார்கள், பதிவெல்லாம் பிறகுதான். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

அடுத்தது கொவிட். 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இருமலை மட்டும் கேட்டு 98.5 சதவீதத் தொற்றாளரைப் பிடிப்பதாக எழுதினார்கள். உலகம் முழுவதும் செய்தியானது. பிரித்தானியாவில் அரச சுகாதாரத் துறையும் அலன் டூரிங் நிறுவனமும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்தன. 67,842 பேரின் ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் பீசிஆர் முடிவு. 23,514 பேருக்குத் தொற்று. முதலில் மென்பொருள் 0.846 மதிப்பெண் எடுத்தது. இந்த அளவுகோலில் 1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பது. பிறகு வயது, பாலினம், நோய்க்குறிகள் போன்றவற்றில் ஒத்த தொற்றாளரையும் தொற்றில்லாதவரையும் சோடி சேர்த்துப் பார்த்தார்கள். மதிப்பெண் 0.619க்கு விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். தொற்றாளரில் பெரும்பாலோர் வருத்தத்தோடு வந்து பரிசோதித்தவர்கள். தொற்றில்லாதவர்களில் பெரும்பாலோர் சுகமாக வீட்டில் இருந்தவர்கள். மென்பொருள் கற்றது கொவிட்டை அல்ல, சுகமில்லாதவர் எப்படி இருமுவார் என்பதை. 'காய்ச்சல் இருக்கிறதா, மணம் தெரிகிறதா' என்று கேட்கும் ஒரு எளிய கேள்வித்தாளைவிட அது கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்று 2024இல் வெளியான அந்தப் பிரித்தானிய ஆய்வு முடிவாகச் சொன்னது.

காசநோயில் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. இந்தியா, வியட்நாம், உகண்டா உட்பட 7 நாடுகளில் 2,143 பேரிடம் திரட்டிய 7 இலட்சத்துக்கு மேற்பட்ட இருமல் ஒலிகளை வைத்து ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. எல்லோரும் இருமலோடு கிளினிக் வந்தவர்கள், ஆகவே மேலே சொன்ன சிக்கல் குறைவு. ஒலியை மட்டும் வைத்த மென்பொருள்களில் சிறந்தது அதே அளவுகோலில் 0.74 அளவில் நின்றது. வயது, எடை, காய்ச்சல் போன்ற விபரங்களைச் சேர்த்தபோது 0.83 அளவுக்கு ஏறியது. யாரை முதலில் பரிசோதிப்பது என்று தெரிவு செய்யும் கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது நோயாளரில் 90 சதவீதத்தைப் பிடிப்பதும், நோயில்லாதவரில் 70 சதவீதத்தைச் சரியாக விலக்குவதும். நெஞ்சு எக்ஸ்ரேயைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவை அந்த நிறுவனம் 2021இலேயே 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைத்துவிட்டது. இருமல் ஒலிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கூகுள் 2024இல் ஹியர் என்ற, ஒலியைக் கேட்கும் செயற்கை நுண்ணறிவு நிரலை வெளியிட்டது. 31 கோடிக்கு மேற்பட்ட இரண்டு விநாடி ஒலித் துண்டுகளில் பழக்கியது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று அதைக் கொண்டு காசநோயை முன்கூட்டிக் கண்டறியப் பார்க்கிறது. நல்லபடி வந்தால் நானே முதலில் மகிழ்வேன். ஆனால் அதுவரை, இருமலைக் கேட்டு நோய்ப் பெயர் சொல்லும் எந்தச் செயலியையும் என் வீட்டில் யாரும் நம்பி இருக்க விடமாட்டேன்.

யாழ்ப்பாணத்து இருமல்

2024 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்த சிலர் சில நாட்களில் இறந்துபோனார்கள். என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மாவட்டமே பதறியது. இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்த நோய் நுரையீரலுக்குள் இரத்தம் கசியச் செய்யக்கூடியது. அந்த நாட்களில் ஒரு செயலி இருமலைக் கேட்டு 'சாதாரண சளி' என்றோ 'நியூமோனியா' என்றோ சொல்லியிருந்தால், வயலில் நின்றவர் ஒரு நாள் தாமதித்திருப்பார். எலிக்காய்ச்சலில் ஒரு நாள் என்பது உயிர்.

அதற்கு முன் 2022 டிசம்பரில், வடக்கிலிருந்து வந்த காற்றோடு மாசு சேர்ந்து, 9ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். அப்படியான நாளில் ஊரே இருமும். ஒரு ஆளின் எண்ணிக்கை கூடியதைப் பார்த்துப் பயப்படுவதா, காற்றைப் பார்ப்பதா? ஒரு தெருவில் பத்து வீட்டில் போன் இருந்தால் அது தெரிந்துவிடும். இந்தப் பயன் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதற்குப் பத்து வீட்டின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் லேசான விஷயம் இல்லை. வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஒலிவாங்கி என்றால் இந்த ஊரில் பலருக்கு நெஞ்சு திக்கென்னும், அதற்கான காரணங்களை நான் விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகப் பார்க்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளர் சம்மதித்தால் மட்டும் போதாது, அந்த அறைக்கு வந்துபோகும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒலித் துண்டு போனுக்குள்ளேயே கணிக்கப்பட்டு அங்கேயே அழிய வேண்டும், வெளியே போவது எண்ணிக்கை மட்டுமாக இருக்க வேண்டும். செயலியைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெரிய தேவை காசநோயில் இருக்கிறது. இலங்கையில் அண்மைய ஆண்டொன்றில் பதிவாகும் காசநோயாளர் ஒன்பதாயிரத்தை ஒட்டி இருக்க, உண்மையில் நோய் வருவோர் ஏறக்குறைய 14,000 என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இடைவெளியில் இருப்பவர்கள் எங்கோ ஒரு வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறார்கள், பெரியம்மாவைப் போல வாசலில் யார் காண்பார்களோ என்ற தயக்கத்தோடு. இரண்டு கிழமை தாண்டிய இருமலை எண்ணிக் காட்டி 'நாளைக்குப் போய்ச் சளி கொடுங்கோ' என்று சொல்லும் ஒரு செயலிக்கு நோயின் பெயர் தெரிந்திருக்கவே தேவையில்லை. 6 மாத மருந்தில் குணமாகும் நோய் இது.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நம் இருமல்களை நாமே திரட்ட வேண்டும். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 முதல் இங்கே இருக்கிறது, பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு இருமலோடு வரும் ஒவ்வொருவரிடமும், மருந்து கொடுக்கும் முன், ஒரே வகை போனில், கதவு சாத்திய அறையில் இருமலைப் பதிந்து, சளி முடிவோடு சேர்த்து வைத்தால், சில ஆண்டுகளில் பயனுள்ள ஒரு தொகுப்பு கிடைக்கும். சுருட்டு, விறகுப் புகை, என்ன குளிசை எடுக்கிறார் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் சுருட்டைக் கற்றுவிட்டு அதைக் காசநோய் என்று சொல்லும்.

பெரியப்பா

பெரியம்மாவின் இருமல் கார்த்திகை முடியும்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. போனை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

பெரியப்பாவைக் கூட்டிப்போவது அதைவிடக் கடினமாக இருந்தது. 'எனக்கென்ன இருமல், இது காலமைச் செருமல்' என்றார். அவருடைய துண்டுகளை அவருக்கே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'இது நானோ?' என்றார். பிறகு வந்தார். சளியில் காசநோய் இல்லை. குழாயில் பலமாக ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். மூச்சைத் திறக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 0.7 பங்குக்குக் கீழேதான் இருந்தது. சிஓபிடி, அதாவது பல ஆண்டுப் புகையால் சுவாசப் பாதை நிரந்தரமாக ஒடுங்கும் நோய். பெரியம்மாவின் இருமலைவிட இது எத்தனையோ மடங்கு பாரமானது, முழுதாகக் குணமாகாதது. ஆனால் சுருட்டை விட்டால் மேலும் கெடுவது மெதுவாகும்.

பம்ப் கொடுத்திருக்கிறார்கள். அதை இழுக்கும் முறையைத் தாதி ஒருவர் பொறுமையாக மூன்று தரம் காட்டினார், முதலில் வாயில் அடித்துவிட்டு மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தார் பெரியப்பா. சுருட்டு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. விடியற்காலைச் சுருட்டை மட்டும் விட முடியாதாம்.

விறாந்தையில் ஒரு போன் வைக்கட்டுமா என்று கேட்டேன். அரை விநாடித் துண்டு மட்டும்தான் எடுக்கும், கதைப்பதைப் பதியாது என்று எவ்வளவோ விளக்கினேன். வேண்டாம் என்றுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். தை மாதக் கிளினிக்கில் பம்ப் எடுக்கும் முறையை மறுபடி பார்ப்பார்கள். பெரியம்மா அவருடைய கொப்பியையும் தன்னுடைய கொப்பியோடு ஒரே பையில் வைத்திருக்கிறார்.